நீர்க்காகத்துக்கு எந்த மாதம் கையைக் கடிக்கும்?

கேள்வி இதுதான்: மீன் தின்னும் பறவைகள் வருஷம் முழுக்க ஒரே அளவு சக்தியைச் செலவழிக்கின்றனவா, இல்லையென்றால் எப்போது அதிகம், குஞ்சு வளர்க்கும்போதா குளிர்காலத்திலா? கேட்டவருடைய மாமா ஏரியில் மீன் குத்தகை எடுத்திருக்கிறாராம், நீர்க்காகங்களைத் திட்டித் தீர்க்கிறாராம். ஒரு பறவை உண்மையிலேயே எவ்வளவுதான் தின்னும் என்றும் கேட்டிருக்கிறார். இரண்டுக்கும் சேர்த்தே சொல்கிறேன், கொஞ்சம் நீளும்.

சுருக்கமான பதில், ஒரே அளவு இல்லை. ஆனால் எந்த மாதம் செலவு அதிகம் என்று கேட்பதைவிட எந்த மாதம் வரவு பற்றாது என்று கேட்டால்தான் விஷயம் பிடிபடும். நம் வீட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். தீபாவளி மாதம் செலவு தாறுமாறாக இருக்கும், போனஸும் அப்போதுதான் வரும், எப்படியோ சமாளித்துவிடுவோம். ஆடியில் பெரிய செலவு ஒன்றும் இருக்காது, கடையில் வியாபாரமும் இருக்காது, அடகுக் கடைப் படியேறுவது அந்த மாதத்தில்தான். பறவைகளுக்கும் தீபாவளி வேறு, ஆடி வேறு. சில இடங்களில் இரண்டும் ஒரே நேரத்தில் வந்து தொலைக்கும், அப்போதுதான் கடற்கரையில் செத்து ஒதுங்குகின்றன.

முதலில் ஒரு நாள் கணக்கைப் பார்த்துவிடலாம். பெரிய நீர்க்காகம் இரண்டரை கிலோ இருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். நாளொன்றுக்குச் சுமார் அரை கிலோ மீன் தின்னும். கொழுப்பு குறைந்த நன்னீர் மீனில் கிராமுக்கு 5 கிலோஜூல் என்று போட்டால் 2,500 கிலோஜூல். அதில் ஐந்தில் ஒரு பங்கு எச்சமாக வெளியே போய்விடும், மிஞ்சுவது 2,000, அதாவது 480 கிலோகலோரி பக்கம். கொஞ்சம்தானே என்று தோன்றும். உடல் எடையால் வகுத்துப் பாருங்கள்: கிலோவுக்கு 190. அறுபது கிலோ எடையுள்ள நமக்கு 2,200 கிலோகலோரி போதும், கிலோவுக்கு 37 கூட வராது. ஐந்து மடங்கு வித்தியாசம். தன் எடையில் ஐந்தில் ஒரு பங்கைத் தினமும் தின்கிறது, நாமும் அந்தக் கணக்கில் சாப்பிட்டால் ஆளுக்கு 12 கிலோ மீன் வாங்க வேண்டும், மார்க்கெட் தாங்காது.

இதில் பாதிக்குச் சற்றுக் குறைவானது சும்மா உட்கார்ந்திருப்பதற்கே ஆகும் செலவு. மூச்சு விட, ரத்தம் ஓட, உடம்பை 40 டிகிரிக்குப் பக்கத்தில் வைத்திருக்க. ஆட்டோ நின்றுகொண்டிருந்தாலும் மீட்டர் ஓடுகிறதே, அது மாதிரி. மீதிதான் பறப்பது, முங்குவது, குஞ்சுக்கு ஊட்டுவது, இறகு மாற்றுவது எல்லாம். குஞ்சு வளர்க்கும் பறவைகள் பொதுவாக இந்தச் சும்மா செலவைப் போல மூன்று நான்கு மடங்கு செலவழிக்கின்றன, பல இனங்களில் அளந்து பார்த்திருக்கிறார்கள்.

எப்படி அளந்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் அறிவு எங்கே ஓட்டையாக இருக்கிறது என்பது அதில்தான் தெரியும். பறவையைப் பிடித்து, கனமான ஹைட்ரஜனும் கனமான ஆக்சிஜனும் கலந்த தண்ணீரை ஊசியில் ஏற்றுவார்கள். ஹைட்ரஜன் உடம்பை விட்டுப் போவது தண்ணீர் வழியாக மட்டும்தான். ஆக்சிஜன் தண்ணீர் வழியாகவும் போகும், மூச்சில் வெளிவரும் கரியமில வாயு வழியாகவும் போகும். இரண்டு நாள் கழித்து அதே பறவையை மறுபடி பிடித்து ஒரு துளி ரத்தம் எடுத்தால், இரண்டும் குறைந்த வேகத்தில் உள்ள வித்தியாசம் எவ்வளவு கரியமில வாயு விட்டது என்று காட்டிக்கொடுத்துவிடும், அதிலிருந்து செலவு. 1950களில் அமெரிக்காவில் நேதன் லிஃப்சன் என்ற உடலியல் அறிஞரின் குழு கண்டுபிடித்த வழி. அருமையான வழிதான், ஆனால் மறுபடி பிடிக்க வேண்டுமே! கூட்டில் குஞ்சு இருந்தால் தாய் கட்டாயம் திரும்பி வரும். டிசம்பர் மாதம் நடுக்கடலில் இருக்கும் பறவையை யார் போய்ப் பிடிப்பது? அதனால் பல வருஷம் நமக்குத் தெரிந்தது எல்லாம் கூட்டில் இருக்கும் பறவையின் செலவு மட்டும்தான். குஞ்சு வளர்ப்பதுதான் உச்சச் செலவு என்று புத்தகங்களில் எழுதியதற்கு அதுவும் ஒரு காரணம் என்பது என் எண்ணம். விளக்கு இருக்கும் இடத்தில் தொலைந்த சாவியைத் தேடிய கதை. பிறகு காலில் மாட்டும் சின்னஞ்சிறு பதிவுக் கருவிகள் வந்தன. நனைந்ததா காய்ந்ததா, எவ்வளவு ஆழம் முங்கியது, வெளிச்சம் எவ்வளவு என்று மாதக் கணக்கில் பதிந்துகொண்டே இருக்கும். அப்புறம்தான் குளிர்காலக் கணக்கு கைக்கு வந்தது.

சரி, நம்மூர் ஏரியிலிருந்து ஆரம்பிக்கலாம். வேடந்தாங்கல், கரிக்கிலி, தெற்கே கூந்தன்குளம், இங்கெல்லாம் வடகிழக்குப் பருவமழை ஏரியை நிரப்பிய பிறகுதான் கூடு கட்டுவது தொடங்கும். நவம்பரில் தொடங்கி, ஜனவரியிலிருந்து மார்ச் வரை குஞ்சுகளின் இரைச்சல் காதைத் துளைக்கும். கூழைக்கடா மூன்று நான்கு முட்டை இடும், ஒரு மாதம் அடைகாக்கும், அதன் பிறகு குஞ்சு பறக்க மூன்று மாதத்துக்கு மேல் ஆகும். அத்தனை நாளும் பெற்றோர் இருவரும் மாறி மாறி மீன் கொண்டு வர வேண்டும். செலவில் இதுதான் உச்சம், சந்தேகமே இல்லை. ஆனால் அதே நேரத்தில்தான் ஏரி, கால்வாய், வயல் எங்கும் புதுமீன் பெருகியிருக்கிறது. போதாததற்கு, பிப்ரவரி மார்ச்சில் தண்ணீர் வற்ற வற்ற மீன் எல்லாம் பள்ளங்களில் வந்து குவியும். மஞ்சள் மூக்கு நாரைக்கு அது வேட்டைத் திருவிழா. அது கண்ணால் பார்த்துப் பிடிக்கும் பறவை இல்லை, அலகைப் பாதி திறந்து சேற்றுத் தண்ணீரில் விட்டு நடந்துகொண்டே இருக்கும், மீன் பட்டதும் பட்டென்று மூடும். இதன் அமெரிக்கச் சொந்தக்காரனான மர நாரையில் அந்த வேகத்தை அளந்திருக்கிறார்கள், 25 மில்லிவினாடி. கண் இமைப்பதைவிட வேகம். இப்படித் தடவிப் பிடிக்கும் பறவைக்கு மீன் நெருக்கமாக இருப்பதுதான் முக்கியம், மொத்தம் எவ்வளவு இருக்கிறது என்பது இரண்டாம்பட்சம்.

மழை பொய்த்த வருஷம் என்ன ஆகும்? கூடு கட்டவே மாட்டா, அல்லது கட்டியதைப் பாதியில் விட்டுவிட்டுப் போய்விடும். பார்க்கிறவர்களுக்கு வயிறு எரியும். ஆனால் இவை பல வருஷம் வாழும் பறவைகள், கையில் காசு இல்லாத வருஷம் கல்யாணத்தைத் தள்ளிப்போடுகிற குடும்பம் மாதிரிதான். வருஷக் கணக்கில் வெட்டக்கூடிய ஒரே பெரிய செலவு இனப்பெருக்கம்தான், மற்றதெல்லாம் மீட்டர் கட்டணம்.

கூழைக்கடாவிடம் இன்னொரு சிக்கனமும் உண்டு, அதை நான் ரசித்துப் பார்த்திருக்கிறேன். ஜனவரியில் ஒரு நாள் விடியற்காலை ஆறு மணிக்கே போய்க் கரையில் உட்கார்ந்துவிட்டேன், பெரிய பறவை, சீக்கிரம் கிளம்பும் என்று நினைத்து. நீர்க்காகங்கள் இருட்டு விலகுவதற்குள் கிளம்பிவிட்டன. கூழைக்கடாக்கள் மரத்தின் மேல் கழுத்தை முதுகில் சாய்த்துக்கொண்டு அப்படியே கிடந்தன. என் பிளாஸ்க்கில் டீ தீர்ந்தது. ஒன்பதரை ஆகி, வெயில் சுள்ளென்று முதுகில் ஏறிய பிறகு ஒன்று எழுந்து பத்துப் பன்னிரண்டு முறை கனமாகச் சிறகடித்து வயல் மேட்டுக்கு மேலே வந்ததும் சிறகடிப்பதை நிறுத்திவிட்டது. வட்டம் போட்டுக்கொண்டே ஏறி ஏறிப் புள்ளியாகிவிட்டது. பின்னாலேயே ஒவ்வொன்றாக அதே இடத்துக்கு வந்து அதே லிஃப்டில் ஏறின. சூடான காற்று மேலே எழும்வரை காத்திருந்தால் பல கிலோமீட்டர் தூரத்தைக் கிட்டத்தட்ட இலவசமாகக் கடந்துவிடலாம், அதற்குத்தான் அந்தச் சோம்பல். வரிசையாகப் பறப்பதிலும் லாபம் உண்டு. செனகலில் வெள்ளைக் கூழைக்கடாக்களின் உடம்பில் இதயத் துடிப்பை அளக்கும் கருவி வைத்துப் பார்த்தார்கள், 2001ல் வெளியானது. தனியாகப் பறப்பதைவிட வரிசையில் பறக்கும்போது துடிப்பு 11 முதல் 14 சதவீதம் வரை குறைந்திருந்தது.

கோடையில் நம்மூர்ப் பிரச்சினை வேறு மாதிரி, உடம்பைச் சூடாக்குவது இல்லை, ஆற்றுவது. நீர்க்காகமும் கூழைக்கடாவும் வாயைத் திறந்து தொண்டைத் தோலைப் படபடவென்று அதிர விடும். நாரைகள் தங்கள் காலிலேயே எச்சமிட்டு நனைத்துக்கொள்ளும், அசிங்கம்தான், ஆனால் ஈரம் உலரும்போது கால் குளிரும். குஞ்சு உள்ள கூட்டில் தாய் சூரியனுக்கு முதுகு காட்டி இறக்கையை விரித்துக் குடை பிடிக்கும். இதெல்லாம் சக்தியைவிடத் தண்ணீரைத் தின்னும் வேலை. மே, ஜூனில் ஏரி வற்றியதும் பெரும்பாலானவை கலைந்து பெரிய அணைகளுக்கும் கழிமுகங்களுக்கும் போய்விடுகின்றன, அங்கே தன் வயிற்றுக்கு மட்டும் பார்த்துக்கொண்டால் போதும்.

இப்போது அதே பெரிய நீர்க்காகத்தை, ஆம், நம் அணைக்கட்டுகளில் பார்க்கிற அதே இனத்தை, கிரீன்லாந்துக்குக் கொண்டுபோங்கள். மேற்கு கிரீன்லாந்தில் ஆர்க்டிக் வட்டத்துக்கு வடக்கே அவற்றில் சில குளிர்காலத்தையும் அங்கேயே கழிக்கின்றன. தண்ணீர் பனிக்கட்டி ஆகாமல் தப்பித்து நிற்கும் குளிர். இதில் வேடிக்கை, நீர்க்காகத்தின் மேல் இறகு தண்ணீரை உறிஞ்சும். வாத்து மாதிரித் தண்ணீர் ஒட்டாத இறகு இல்லை, அதனால்தான் நம்மூரில் கட்டையில் உட்கார்ந்து இறக்கையை விரித்துக் காய வைக்கிறது. நனைந்தால் மிதக்கும் தன்மை குறையும், முங்குவது சுலபம். ஆனால் தண்ணீர் காற்றைவிட இருபத்தைந்து மடங்கு வேகமாகச் சூட்டை உறிஞ்சும். உறைநிலைத் தண்ணீரில் நனையும் சட்டையோடு முங்குகிற பறவை சாக வேண்டாமா? பிரெஞ்சு ஆய்வாளர் டேவிட் கிரேமியேவும் கூட்டாளிகளும் பல வருஷம் இதைத் துருவியிருக்கிறார்கள். தோலை ஒட்டிய உள் இறகு நனைவதில்லை, வெளி ஓரம்தான் நனைகிறது என்பது ஒரு விடை. இன்னொன்று, தண்ணீருக்குள் இருக்கும் நேரத்தை மிகவும் குறைத்துக்கொள்கிறது. மீன் நிறைய உள்ள இடம் பார்த்துக் குதித்து, நிமிஷக் கணக்கில் வயிற்றை நிரப்பிக்கொண்டு கரையேறிவிடும். வாத்துக்குக் கம்பளிச் சட்டை, நீர்க்காகத்துக்குக் கைவேகம்.

இதைவிட ஆச்சரியம் அவர்கள் 2005ல் எழுதியது. அங்கே குளிர்காலத்தில் வாரக் கணக்கில் சூரியனே எழாது. ஆழம் பதியும் கருவியைப் பார்த்தால் பறவைகள் அந்த நாட்களிலும் தவறாமல் முங்கியிருக்கின்றன, கணிசமான பகுதி கும்மிருட்டில். பகலிலேயே நீர்க்காகத்துக்குத் தண்ணீருக்கடியில் பார்வை சுமார்தான், முங்கிக் கண்ணைத் திறந்தால் நமக்கு எவ்வளவு தெரியுமோ ஏறக்குறைய அவ்வளவு. இருட்டில் எப்படிப் பிடிக்கிறது என்பது இன்னும் விவாதத்தில் இருக்கிறது.

ஒரு சின்னக் கணக்கு, எனக்கே போட்டுப் பார்க்கப் பிடித்தது. அரை கிலோ மீனை 0 டிகிரியிலிருந்து வயிற்றுக்குள் 40 டிகிரிக்குச் சூடாக்கச் சுமார் 70 கிலோஜூல் வேண்டும். நம் ஏரியில் 28 டிகிரியில் இருக்கும் மீனுக்கு 20 போதும். ஒரு நாள் செலவில் மூன்று சதவீதத்துக்குமேல் மீனைச் சுட வைக்கவே போகிறது அங்கே! பறந்து வந்த உடம்புச் சூடு கொஞ்சம் ஈடுகட்டும், இருந்தாலும்.

நிஜமான நெருக்கடி தெரிய வேண்டுமானால் கில்லெமாட் என்ற கடல் பறவையைப் பார்க்க வேண்டும். ஒரு கிலோ எடை, கறுப்பு வெள்ளை, நிமிர்ந்து நிற்கும், தூரத்தில் பார்த்தால் குட்டிப் பெங்குவின். ஆனால் பறக்கும், அதுதான் அதன் தலைவலி. தண்ணீருக்கடியில் துடுப்பு மாதிரி பயன்பட இறக்கை குட்டையாகிவிட்டது, அந்தக் குட்டை இறக்கையை வைத்துக் காற்றிலும் பறக்க வேண்டும். கனடாவின் ஹட்சன் விரிகுடாவில் தடித்த அலகுள்ள கில்லெமாட்டை அளந்தபோது, பறக்கையில் சும்மா செலவைப் போல 31 மடங்கு ஆவது தெரிந்தது, 2013ல் வெளியானது. இவ்வளவு செலவில் தொடர்ந்து பறக்கும் பறவை வேறு எதையும் அதுவரை அளந்ததில்லை. பெங்குவின் ஏன் பறப்பதைக் கைவிட்டது என்பதற்கு இதுவே நல்ல விளக்கம்: முங்குவதில் தேற வேண்டும், பறக்கவும் வேண்டும் என்று இரட்டைக் குதிரையில் ஏறினால் பில் இப்படித்தான் வரும்.

அதன் வருஷம் இப்படிப் போகும். மே, ஜூனில் செங்குத்துப் பாறை விளிம்பில் ஒரே ஒரு முட்டை. குஞ்சு மூன்று வாரத்தில், பறக்கத் தெரியாமலே, பாறையிலிருந்து கடலில் குதிக்கும், அப்பா கூடவே நீந்திப் போய்த் தனியாளாக வளர்ப்பார். அதே நேரத்தில் இறக்கையின் பெரிய இறகுகள் எல்லாம் ஒன்றாக உதிர்ந்து, ஒன்றரை மாதம் போலப் பறக்கவே முடியாது. பிள்ளையும் கையில், வண்டியும் ஒர்க்‌ஷாப்பில். வேடிக்கை என்னவென்றால் பறக்க முடியாததால் அந்த 31 மடங்குச் செலவும் மிச்சம். பிறகு குளிர்காலம். கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து கடலில் கழிக்கும் கில்லெமாட்டுகளுக்கு மாதவாரியாகக் கணக்குப் போட்டுப் பார்த்த ஆய்வு, தேவை உச்சத்துக்குப் போவது டிசம்பர் வாக்கில் என்று காட்டியது. தண்ணீர் குளிர்கிறது, பகல் சுருங்கிவிட்டது, அலை மீனைக் கலைக்கிறது. தீபாவளியும் ஆடியும் ஒரே மாதத்தில் வருவது என்று நான் சொன்னது இதைத்தான். 2014 பிப்ரவரி வாக்கில் அட்லாண்டிக்கில் புயல் மேல் புயலாக அடித்தபோது பிரான்ஸ், பிரிட்டன் கரைகளில் பஃபினும் கில்லெமாட்டுமாகப் பல்லாயிரம் பறவைகள் செத்து ஒதுங்கின. பெரும்பாலானவை பட்டினிச் சாவு. புயல் அடித்துக் கொல்லவில்லை, பல நாள் மீன் பிடிக்க விடாமல் செய்தது, அவ்வளவுதான்.

மீன் கிடைத்தால் மட்டும் போதாது, மீனில் சரக்கும் இருக்க வேண்டும். 2004ல் ஸ்காட்லாந்தின் மே தீவில் கில்லெமாட் குஞ்சுகள் கூட்டம் கூட்டமாக இளைத்துப்போயின. பெற்றோர் மீன் கொண்டு வந்துகொண்டுதான் இருந்தன. அளந்து பார்த்தால் அந்த வருஷ மீனில் கொழுப்பு மிகவும் குறைவு, வழக்கமான சக்தி அதில் தேறவில்லை. அதே அளவு மீன், அதே நடை, பாதி வயிறு.

தூரப் பயணம் பற்றி யாராவது கேட்பார்கள். ஆர்க்டிக் ஆலா என்ற கடல் பறவை நூறு கிராம் சொச்சம், கிரீன்லாந்திலிருந்து அண்டார்டிகா போய்த் திரும்ப வருஷத்துக்குச் சராசரி 70,900 கிலோமீட்டர். ஆனால் அது காற்றுப் போகும் பக்கமாக வளைந்து வளைந்து போய், வழியில் தின்றுகொண்டே போகிறது, நாம் பயப்படுகிற அளவு கஷ்டமில்லை. ஐரோப்பாவிலிருந்து ஆப்பிரிக்கா போகும் விராலடிப்பான் என்ற மீன்தின்னிப் பருந்துக்கும் போய்ச் சேரும் வரைதான் பாடு. சேர்ந்த பிறகு ஒரு மீனைப் பிடித்துவிட்டு நாள் முழுக்கக் கட்டையில் உட்கார்ந்திருக்கும். குளிர்காலத்தில் நம்மூர் நீர்த்தேக்கங்களுக்கு வருபவையும் அப்படித்தான், பைனாகுலரைக் கீழே வைத்துவிட்டுச் சாப்பிட்டு வந்தாலும் அதே கட்டையில் இருக்கும்.

சக்திக் கணக்கு குடும்ப அமைப்பையே மாற்றும் என்பதற்கு ஓர் உதாரணம் சொல்லிவிடுகிறேன், எனக்கு மிகவும் பிடித்தது. நாம் பார்க்கிற கறுப்பு வெள்ளை மீன்கொத்தி, தண்ணீருக்கு மேல் அந்தரத்தில் சிறகடித்து நின்று பாயுமே, அதுதான். கென்யாவில் உலி ரையர் என்பவர் இரண்டு ஏரிகளில் பார்த்தார். நைவாஷா ஏரியில் மீன் பிடிப்பது சுலபம், விக்டோரியா ஏரியில் அலை, மீனும் சிறிசு. விக்டோரியாவில் ஜோடிகள் சொந்தமில்லாத ஆண் பறவைகளையும் வேலையாளாகச் சேர்த்துக்கொண்டன, அவையும் குஞ்சுக்கு மீன் கொண்டுவந்தன. நைவாஷாவில் அதே மாதிரி வந்தவனைத் துரத்தின. நைவாஷா கூட்டில் கூடுதல் குஞ்சுகளை வைத்தபோது துரத்துவது நின்றது. பெற்றோரின் அன்றாடச் செலவையும் முன்னே சொன்ன கனமான தண்ணீர் முறையில் அளந்திருந்தார்கள். கையைக் கடிக்கும்போதுதான் வாசலில் நிற்பவனை உள்ளே கூப்பிடத் தோன்றுகிறது.

மாமா விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் ஏரியில் கூட்டமாக வருவது பெரும்பாலும் சின்ன நீர்க்காகமாக இருக்கும், அரை கிலோ எடைதான். சிறிய உடம்புக்கு எடைக் கணக்கில் செலவு அதிகம், அதனால் பெரியதில் ஐந்தில் ஒரு பங்கு எடை என்றால் சாப்பாடு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு, 150 கிராம் என்று வைக்கலாம். 200 பறவை, 100 நாள் என்றால் 3 டன். கேட்டதும் தூக்கிவாரிப் போடும். ஆனால் இது எல்லா மீனும் சேர்த்து, அதில் பெரும்பகுதி யாரும் விலைக்கு வாங்காத பொடி மீன். அதற்காக மாமா சொல்வதில் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். மழைக்குப் பிறகு அவர் விரல் நீளக் குஞ்சு மீனை விடுகிறார் பாருங்கள், அதே நாட்களில்தான் பறவைக்குக் குஞ்சுச் செலவு ஏறுகிறது, விரல் நீள மீன்தான் அதன் வாய்க்கும் அளவு. சரியான மாதத்தில் சரியான சைஸில் பந்தி போடுகிறார். சுடுவதும் விஷம் வைப்பதும் 1972 வனவிலங்குச் சட்டப்படி குற்றம், அந்தப் பேச்சே வேண்டாம். முதலில் ஒரு சின்னக் குட்டையில் வலை போட்டு மூடி மீனை வளர்த்து, அதன் வாய்க்கு அடங்காத அளவு வளர்ந்த பிறகு ஏரியில் விட்டால் சின்ன நீர்க்காகம் பெரும்பாலானவற்றை விழுங்க முடியாது. செலவு கொஞ்சம் கூடும், தீவனமும் ஆளும் வேண்டும். அதற்கு முன்னால் ஒரு வாரம் காலை ஆறிலிருந்து எட்டு வரை கரையில் உட்கார்ந்து, எத்தனை பறவை, பத்து முங்கலில் எத்தனை தடவை மீனோடு எழுகிறது, எழுந்தால் அலகில் இருப்பது கட்லாவா, ஜிலேபியா, பொடிக் கெண்டையா என்று மட்டும் ஒரு நோட்டில் குறித்து வைக்கச் சொல்லுங்கள். அந்த நோட்டை இங்கே போட்டால் கணக்கை மறுபடி போட்டுப் பார்க்கலாம்.